கேட்காமல் விட்ட வரி வரவு: நியூ ஜெர்சிக் கோப்பு ஒன்றின் ஆய்வு

அமெரிக்காவில் குறைந்த கூலிக்கு உழைப்பவர்களுக்கு அரசு தரும் பெரிய பண உதவி வரிப் படிவத்தின் வழியாகத்தான் வருகிறது. ஈட்டிய வருமான வரி வரவு என்பது அதன் பெயர். வரி உதவி மேசைகளில் சுருக்கமாக இ.ஐ.டி.சி. என்பார்கள். அது 1975இல் அதிகபட்சம் 400 டாலராகத் தொடங்கியது. 2024 வரி ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 6,960 டாலர் வரை, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 7,830 டாலர் வரை கிடைக்கும். வரியில் கழித்தது போக மிஞ்சுவது கையில் பணமாகவே வரும். ஆனால் கேட்க வேண்டும். கேட்பதற்குப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தகுதியுள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் கேட்பதில்லை என்பது வரித்துறையான ஐ.ஆர்.எஸ்ஸே சொல்லும் கணக்கு.

கீழே வருவது ஒரு மாதிரிக் கோப்பு. குறிப்பிட்ட எவருடைய கதையும் அல்ல. இலவச வரி உதவி மையங்களில், அதாவது விட்டா மையங்களில், அடிக்கடி எழும் சிக்கல்களை ஒரே குடும்பத்தில் வைத்து, 2025 தாக்கல் பருவத்தின் உண்மையான விதிகளையும் விகிதங்களையும் கொண்டு கணக்குப் போட்டிருக்கிறோம்.

கோப்பில் இருப்பவர்

நியூ ஜெர்சியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தாய். 2020இல் விவாகரத்து ஆனது. இரண்டு பிள்ளைகள், 2024 முடிவில் ஒன்பது வயதும் நாலு வயதும். இருவரும் அவரோடுதான் இருக்கிறார்கள். பகலில் முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. 2024இல் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்றின்படி சம்பளம் 19,760 டாலர், அதில் பிடித்த மத்திய வருமான வரி 310. மாலையில் காரில் சாப்பாடு டெலிவரி. அதற்கு 6,400 டாலருக்கு ஒரு 1099-என்.ஈ.சி. படிவம், அதாவது ஒப்பந்த வேலைக்குக் கொடுத்த பணத்தின் சான்று, வந்திருக்கிறது. அவர் மையத்துக்கு வந்த காரணம் வேறு: வீட்டிலிருந்து தானே மின்வழியில் அனுப்பிய தாக்கல் திரும்பி வந்துவிட்டது. மூத்த பிள்ளையின் சமூகப் பாதுகாப்பு எண் ஏற்கெனவே வேறொரு தாக்கலில் பயன்பட்டிருக்கிறது என்று செய்தி.

இந்த இடத்தில் அனுபவமில்லாத தன்னார்வலர் நேரே அந்தப் பிழையைச் சரிசெய்யப் போவார். அப்படிப் போனால் கோப்பில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் யார் கண்ணிலும் படாமலே போய்விடும். 13614-சி என்ற விசாரணைப் படிவம் வெறும் சடங்கு அல்ல. அதை வைத்துக்கொண்டு முதலில் கேட்க வேண்டியது இந்த ஆண்டைப் பற்றி அல்ல: "எந்தெந்த ஆண்டு தாக்கல் செய்யவில்லை?"

திறந்திருக்கும் ஆண்டுகள்

திரும்பப் பெற வேண்டிய பணத்தைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. 2025 பருவத்தில் 2021, 2022, 2023 மூன்றும் திறந்திருந்தன. 2020இன் கதவு 2024 மே 17 அன்றே மூடிவிட்டது. 2021இன் கடைசி நாள் 2025 ஏப்ரல் 15. அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாக்கல் செய்யாமல் விட்ட தொகை 100 கோடி டாலருக்கு மேல் என்று ஐ.ஆர்.எஸ். அறிவித்திருந்தது.

நம் கோப்பில் இருப்பவர் 2021க்குத் தாக்கல் செய்யவில்லை. அந்த ஆண்டு வேலை குறைவு, சம்பளம் 9,412 டாலர்தான். "இவ்வளவு குறைவாக இருந்தால் தாக்கல் தேவையில்லை" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டப்படி சரிதான். குடும்பத் தலைவர், அதாவது மணத்துணை இல்லாமல் பிள்ளையோடு வீட்டை நடத்துபவர், என்ற வரி நிலையில் 18,800 டாலருக்குக் கீழே கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பதும் பலன் இல்லை என்பதும் வேறு வேறு என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

2021 சாதாரண ஆண்டும் அல்ல. கொரோனா நிவாரணச் சட்டத்தால் அந்த ஓராண்டுக்கு மட்டும் குழந்தை வரி வரவு ஆறு வயதுக்குக் கீழ் 3,600, அதற்கு மேல் 17 வயது வரை 3,000 என்று உயர்ந்தது. வருமானமே இல்லாவிட்டாலும் முழுத் தொகை கையில் கிடைத்தது. இவருக்கு 6,600. மூன்றாவது நிவாரணத் தொகை தலைக்கு 1,400 வீதம் மூவருக்கு 4,200. இ.ஐ.டி.சி. இரண்டு பிள்ளைகளுக்கு ஈட்டியதில் 40 சதவீதம் என்ற ஏறுமுகப் பகுதியில் விழுகிறது, அட்டவணைப்படி 3,770. கூட்டினால் 14,570 டாலர். அந்த ஆண்டு முழுக்க உழைத்துப் பெற்ற சம்பளத்தைவிட அதிகம்.

எழுதுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நிவாரணத் தொகையும், 2021 ஜூலை முதல் மாதாமாதம் வந்த குழந்தை வரவு முன்பணமும் ஏற்கெனவே வந்துவிட்டனவா என்று பயனாளியின் ஐ.ஆர்.எஸ். இணையக் கணக்கில் பார்க்க வேண்டும். "எனக்கு எதுவும் வரவில்லை" என்ற நினைவை நம்பக் கூடாது. வங்கிக்கு வராமல் பழைய முகவரிக்குக் காசோலை போயிருக்கலாம். வந்த தொகையைக் கழிக்காமல் முழுதாகக் கேட்டால் ஐ.ஆர்.எஸ். தானே திருத்தும், அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இந்தக் கோப்பில் 2021 வரை தாக்கல் எதுவும் இல்லாததால் இரண்டு பதிவுகளும் சுழியம்.

சம்பளம் கொடுத்த நிறுவனம் மூடிவிட்டது, டபிள்யூ-2 இல்லை என்றால் அதே இணையக் கணக்கில் சம்பள-வருமானப் பதிவை இறக்கலாம். முடியாதவர்கள் 4506-டி படிவத்தில் கேட்கலாம். அந்தப் பதிவை வைத்து, டபிள்யூ-2க்குப் பதிலாக 4852 படிவத்தை நிரப்பி இணைக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் தபால். மின்வழித் தாக்கல் நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் மட்டுமே. 2021 காகிதத்தில்தான் போக வேண்டும். 2021ஆம் ஆண்டுக்கான 1040 என்ற வருமான வரிப் படிவமேதான் வேண்டும். புதிய ஆண்டின் படிவத்தில் ஆண்டை அடித்து எழுதி அனுப்பக் கூடாது. இ.ஐ.டி.சி. 27ஏ வரியில், குழந்தை வரவு 28இல், நிவாரணத் தொகை 30இல். கூடவே இரண்டு வரவுகளுக்கும் உரிய இணைப்புத் தாள்கள்: ஷெட்யூல் 8812, ஷெட்யூல் இ.ஐ.சி. மென்பொருள் அச்சடித்துத் தந்த தாளில் பேனாவால் கையெழுத்து வேண்டும். கையெழுத்து இல்லாத காகிதத் தாக்கல் திரும்பி வரும், அதற்குள் ஏப்ரல் 15 போயிருக்கும். ஆண்டுக்கு ஒரு உறை; பதிவுத் தபால்; முத்திரைத் தேதி தெரியும் ரசீது கோப்பில் இருக்க வேண்டும். உறையை "வீட்டுக்குப் போய் அனுப்பிவிடுகிறேன்" என்று எடுத்துப்போக விடாமல், மையமே தபால் நிலையத்துக்குக் கொண்டுபோவது நல்லது. தொகை எவ்வளவு பெரிதோ, உறை அவ்வளவு நாள் சமையலறை மேசையில் கிடக்கும்.

பிள்ளை யார் கணக்கில்?

திரும்பி வந்த தாக்கலின் வேர் விவாகரத்து உத்தரவில் இருக்கிறது. இரட்டைப்படை ஆண்டுகளில் மூத்த பிள்ளையைத் தகப்பன் வரியில் காட்டிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி. 2024 இரட்டைப்படை. தகப்பன் முந்திக்கொண்டு தாக்கல் செய்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு இ.ஐ.டி.சி.யும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

குடும்பநல நீதிமன்றம் பிரித்துக் கொடுக்கக்கூடியது ஒரு பகுதியைத்தான். பிள்ளை யாரோடு அதிக இரவுகள் இருந்ததோ அவரே காவல் பெற்றோர். அவர் 8332 படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மற்றவர் குழந்தை வரி வரவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இ.ஐ.டி.சி.யும் குடும்பத் தலைவர் நிலையும் எந்தக் கையெழுத்தாலும் கைமாறாது. 2008க்குப் பிந்தைய விவாகரத்து உத்தரவின் நகலை 8332க்குப் பதிலாக இணைத்தாலும் செல்லாது. ஆக மேசையில் கேட்க வேண்டிய கேள்வி "உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது?" அல்ல. "பையன் எந்த வீட்டில் எத்தனை இரவு தூங்கினான்?" என்பதுதான். 2024 லீப் ஆண்டு. பாதிக்கு மேல் என்றால் 184 இரவு. பள்ளி விடுமுறை, வார இறுதி என்று காலண்டரை வைத்து எண்ணினால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை.

இதற்கு முன் கட்டணம் வாங்கித் தாக்கல் செய்து கொடுத்தவர் 2022இல் இதே உத்தரவைப் பார்த்துவிட்டு, மூத்தவனை முழுவதுமாக விட்டுவிட்டார். ஒரு பிள்ளைக்கான 3,733 டாலர்தான் கேட்டார். அந்த ஆண்டு வருமானம் 18,600. இரண்டு பிள்ளைகளுக்கு உச்ச அளவான 6,164 முழுதாகக் கிடைத்திருக்கும். 1040-எக்ஸ் திருத்தத் தாக்கலில் மிச்சம் 2,431 டாலர். ஒரு விதியைத் தவறாகப் படித்ததன் விலை அது.

2024க்கு வருவோம். உத்தரவை மதிக்க வேண்டிய கடமை தாய்க்கு உண்டு. இல்லாவிட்டால் குடும்பநல நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். எனவே 8332இல் முதல் பகுதியில், 2024க்கு மட்டும், கையெழுத்து. இரண்டாம் பகுதி வருங்கால ஆண்டுகளுக்கு. அதில் "எல்லா ஆண்டும்" என்று எழுதித் தந்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. பிறகு தாயின் தாக்கலில் மூத்தவனை இ.ஐ.டி.சி.க்கு மட்டும் என்று குறிக்க வேண்டும்.

தகப்பனும் அதே எண்ணில் இ.ஐ.டி.சி. கேட்டிருப்பதால் மின்வழித் தாக்கல் மறுபடியும் திரும்பும். முன்பெல்லாம் இதற்கு ஒரே வழி காகிதம். பணம் வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2025 பருவத்தில் விதி மாறியது. தாக்கல் செய்பவர் ஐ.ஆர்.எஸ். கணக்கிலிருந்து ஆறு இலக்க அடையாளப் பாதுகாப்பு எண்ணை எடுத்துப் போட்டால், பிள்ளையின் எண் ஏற்கெனவே பயன்பட்டிருந்தாலும் மின்வழித் தாக்கலை ஏற்கிறார்கள். அந்தப் பருவத்தில் உதவி மேசைக்காரர்களுக்குக் கிடைத்த உருப்படியான மாற்றம் இதுதான் என்போம். ஏற்றுக்கொண்டதோடு வழக்கு முடியாது. ஒரே பிள்ளையை இருவர் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லும் சி.பி.87ஏ கடிதம் இருவருக்கும் போகலாம். யாரும் விட்டுக்கொடுக்காவிட்டால் ஆதாரம் கேட்பார்கள்.

அந்த ஆதாரத்தைக் கடிதம் வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். பள்ளியின் தலைப்புத்தாளில் ஒரு கடிதம்: பிள்ளையின் பெயர், பெற்றோராகத் தாயின் பெயர், இருவரும் வசிக்கும் வீட்டு முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. இதில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. பொதுவாகத் தவறுவது தேதியில்தான். பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குவதால், நடப்பு வகுப்புக்கு மட்டும் கடிதம் வாங்கினால் 2024இல் நாலு மாதம்தான் நிரூபணமாகும். முந்தைய வகுப்புக்கும் சேர்த்து வாங்க வேண்டும். பள்ளிக்குப் போகாத சின்னவளுக்குக் குழந்தை மருத்துவரின் கடிதம் போதும்.

கணக்கு

டெலிவரி வருமானத்தைக் காட்டாமல் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்காகவே பதில் சொல்லலாம். விட்டால் இந்தக் கோப்பில் 632 டாலர் கூடுதலாக வரும். ஆனால் அந்த 1099இன் ஒரு பிரதி ஐ.ஆர்.எஸ்ஸிடம் இருக்கிறது; வருமானம் பொருந்தவில்லை என்று சொல்லும் சி.பி.2000 கடிதம் வட்டியோடு வரும். விதியைப் பொருட்படுத்தாமல் கேட்டதாக முடிவானால் இரண்டு ஆண்டுகளுக்கு இ.ஐ.டி.சி. தடை, மோசடி என்றால் பத்து ஆண்டு.

நேர்மையாகக் குறைக்க வழி இருக்கிறது: மைல். 2024க்கு மைலுக்கு 67 சென்ட். செயலி அனுப்பும் ஆண்டறிக்கையில் ஆர்டர் கையில் இருந்தபோது ஓடிய மைல் மட்டும் இருப்பது வழக்கம். ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு ஓடியதும் தொழில் மைல்தான். வீட்டிலிருந்து முதல் கடைவரை போனது சேராது. இந்தக் கோப்பில் 4,000 மைல், 2,680 டாலர். நிகர வருமானம் 3,720. இந்த மைல் கணக்கை விட்டிருந்தால் சுயதொழில் வரி கூடி, இ.ஐ.டி.சி. குறைந்து, மொத்தத்தில் 900 டாலருக்கு மேல் போயிருக்கும்.

சுயதொழில் வரி 526. அதில் பாதி கழிந்து ஈட்டிய வருமானம் 23,217. இ.ஐ.டி.சி. இறங்கத் தொடங்கும் எல்லை 22,720. அதைச் சற்றே தாண்டியதால் 6,854. வருமான வரி 106. அதைச் சின்னவளின் 2,000 டாலர் குழந்தை வரவு விழுங்கிவிடுகிறது. மிச்சத்தில் கையில் தரக்கூடிய உச்ச வரம்பு 1,700. பிடித்த வரி 310ஐக் கூட்டி, 526ஐக் கழித்தால் 8,338 டாலர் திரும்ப வரும். 8332இல் போட்ட கையெழுத்து அவருக்கு 1,408 டாலர் குறைத்தது. அது உத்தரவின்படி தகப்பனுக்குச் சேர வேண்டியது. அந்தக் கையெழுத்தை 2022இல் செய்ததுபோல இ.ஐ.டி.சி.க்கும் நீட்டியிருந்தால் இன்னும் 2,722 போயிருக்கும்.

மாநிலக் கணக்கு தனி. நியூ ஜெர்சி மத்திய இ.ஐ.டி.சி.யில் 40 சதவீதத்தைத் தன் பங்காகத் தருகிறது: 2,742. ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு, 30,000 டாலருக்குக் கீழ் வருமானம் என்றால், 1,000. இலவச மென்பொருளில் மத்தியத் தாக்கலை முடித்துவிட்டு மாநிலத் தாக்கலை மறப்பவர்கள் இதை இழக்கிறார்கள்.

குடும்பத் தலைவர் நிலையைப் பற்றி ஒரு குறிப்பு. விவாகரத்து முடியாமல், அக்கா வீட்டில் தங்கி, வீட்டுச் செலவில் பாதிக்கும் குறைவாகத் தருபவருக்கு அந்த நிலை கிடையாது. திருமணமானவர், தனித் தாக்கல் என்றுதான் போட வேண்டும். அந்த நிலையில் இ.ஐ.டி.சி. கிடையாது என்பது பழைய பாடம். 2021 முதல், ஆண்டின் கடைசி ஆறு மாதம் துணைவர் பிரிந்திருந்து, பிள்ளை பாதி ஆண்டுக்கு மேல் கூட இருந்தால் ஷெட்யூல் இ.ஐ.சி.யில் ஒரு கட்டத்தைக் குறித்துக் கேட்கலாம். இதே எண்களை அந்த நிலையில் போட்டுப் பார்த்தால் மத்திய இ.ஐ.டி.சி. ஒரு டாலர்கூடக் குறைவதில்லை. தகுதியில்லாத நிலையைப் பொய்யாகப் போட்டு ஆபத்தை வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

தமிழ்க் குடும்பங்களில் தலைகீழான தவறும் நடக்கும். எஃப்-1 விசாவில் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுக்குள் இருக்கும் மாணவர் வரிச் சட்டப்படி வசிப்பவர் அல்ல. பகுதிநேரச் சம்பளம் குறைவு என்று இ.ஐ.டி.சி. கேட்கக் கூடாது. கூட்டுத் தாக்கலில் கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் ஐ.டி.ஐ.என். என்ற வரித்துறை எண் மட்டும் இருந்தாலும் கிடையாது.

கடிதம் போட்டால் வருவார்களா?

இந்தத் துறையில் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தாக்கல் செய்தும், முதல் அறிவிப்புக் கடிதம் வந்தும் இ.ஐ.டி.சி. கேட்காத 35,050 பேருக்கு ஐ.ஆர்.எஸ். மறுபடி கடிதம் அனுப்பிப் பார்த்தது. 2015இல் வெளியான அந்த ஆய்வில், கடிதம் மறுபடி வந்ததே பலரை அசைத்தது. எளிமையாக, தொகையைப் பெரிதாகக் காட்டியபோது இன்னும் பலர் கேட்டார்கள். கலிபோர்னியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கடிதமும் குறுஞ்செய்தியும் அனுப்பிய ஆறு சோதனைகள் 2022இல் வெளியாயின. தாக்கல் செய்தவர் எண்ணிக்கையில் அவற்றால் மாற்றமே இல்லை.

முரண் போலத் தோன்றும், இல்லை. முதல் கூட்டம் ஏற்கெனவே தாக்கல் செய்தவர்கள். அவர்கள் ஒரு சிறு படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும். இரண்டாவது கூட்டத்தின் முன் நிற்பது முழுத் தாக்கல்: தொலைந்த டபிள்யூ-2, மைல் கணக்கு, 8332, பழைய முகவரி. அதற்கு எதிரே ஒரு ஆள் உட்கார வேண்டும். 2025இல் நியூ ஜெர்சி உட்பட 25 மாநிலங்களில் இருந்த ஐ.ஆர்.எஸ்ஸின் சொந்த இலவசத் தளம் நல்ல கருவிதான். ஆனால் டெலிவரி போன்ற சுயதொழில் வருமானத்தை அது ஏற்கவில்லை. நம் கோப்பு அங்கே முதல் பக்கத்திலேயே நின்றிருக்கும். ஆகவே விளம்பரச் செலவில் ஒரு பங்கை மாலை நேர, ஞாயிறு நேர மேசைகளுக்குத் திருப்புவதே எங்கள் பரிந்துரை. டெலிவரி ஓட்டுபவருக்குச் சனிக்கிழமை மதியம் என்பது சம்பாதிக்கும் நேரம்.

பணம் வரும் வரை

இ.ஐ.டி.சி. உள்ள தாக்கலுக்குப் பிப்ரவரி 15க்கு முன் பணம் விடச் சட்டம் இடம் தருவதில்லை. 2025இல் பெரும்பாலோருக்கு மார்ச் 3 வாக்கில் வரும் என்று ஐ.ஆர்.எஸ். சொன்னது. இந்த இடைவெளியில்தான் "இன்றே பணம்" என்ற பலகைகள் வாசலில் நிற்கும். தாக்கல் கட்டணத்தையும் முன்பணக் கட்டணத்தையும் வரப்போகும் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்வதால் வலி தெரியாது. தாக்கலில் கையெழுத்தும் தன் பதிவு எண்ணும் போட மறுக்கும் தயாரிப்பாளரிடம் எந்தச் சூழலிலும் கொடுக்கக் கூடாது. கட்டாமல் விட்ட மாணவர் கடன், பிள்ளை பராமரிப்புப் பாக்கி இருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இருந்தால் பணம் அங்கே திரும்பிவிடக்கூடும்.

பெரிய தொகை வந்தால் ஸ்னாப் உணவு உதவியும் மெடிக்கெய்டு மருத்துவ உதவியும் போய்விடும் என்ற பயத்தில் பழைய ஆண்டுகளை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மத்திய விதிப்படி வரித் திரும்பல் அந்தத் திட்டங்களில் வருமானமாகக் கணக்கில் வராது. பன்னிரண்டு மாதத்துக்குச் சொத்தாகவும் வராது. வங்கியில் தனிக் கணக்காக வைத்துக்கொண்டால், கேட்கும்போது காட்ட வசதி.

கோப்பின் உட்பக்க அட்டையில் அடுத்த பருவத்துக்காக நாலு வரி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 2025 ஒற்றைப்படை ஆண்டு, 8332 வேண்டாம், இரண்டு பிள்ளைகளும் தாய் கணக்கில். 2026க்கு மறுபடி முதல் பகுதியில் மட்டும் கையெழுத்து. சின்னவளுக்கு ஆறு வயது ஆகும் ஆண்டில் மாநிலக் குழந்தை வரவு நிற்கும். காரின் மைல்மானியை ஜனவரி 1 அன்று படம் எடுத்து அனுப்பச் சொல்லவும்.